பவுடர் வாசனையை நம்பாத அக்கா

அக்கா இந்த மலரைக் கையில் வாங்கியிருந்தால், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல எவ்வளவு நிஜம்?" என்று கேட்டிருப்பார். நினைவு மலர்களில் வருபவர்கள் எல்லோரும் சாந்த சொரூபிகள். யாருக்கும் கோபம் வந்ததில்லை, யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். அவர் சுத்த சந்தேகப் பிராணி. முதலாம் ஆண்டு நினைவு நாளில் அதை மழுப்பி எழுதினால், தம்பி என்ற முறையில் நான் அவருக்குச் செய்யும் துரோகம் ஆகிவிடும்.

எங்கள் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் குவார்ட்டர்ஸில்தான். பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ், "கண்ண மூடிக்கோ, வலிக்காது" என்றாராம். "வலிக்காதுன்னா கண்ண எதுக்கு மூடணும்?" என்று அக்கா கேட்டதை அம்மா ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா திடீரென்று தவறியபோது அக்கா மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இனிமேல் படிப்பு எதற்கு என்று அப்போது இழுத்தவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அக்கா ரத்தக்குழாய் அறுவை மருத்துவரானார். நாள்பட்ட, ஆறாத புண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். அம்பத்தூரில் அவர் நடத்திய கிளினிக்குக்கு, பாடித் தொழிற்சாலைகளில் நின்றபடியே வேலை பார்த்து நரம்பு சுருண்டு புண் வந்தவர்களும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களும் வருவார்கள். டாக்டரிடம் போகிறோமே என்று புண்ணைத் தேய்த்துக் கழுவி, புதுத் துணி கட்டி, அதன்மேல் பவுடரையும் கொட்டிக்கொண்டு வருவது அவர்கள் வழக்கம். என்ன வடிகிறது, என்ன நாற்றம் என்பதெல்லாம் பழைய கட்டைப் பிரித்தால்தான் தெரியும். அதை வீட்டிலேயே தூக்கிப் போட்டுவிட்டால் டாக்டர் எதைப் பார்ப்பார்?

ஒருமுறை நான் கிளினிக்கில் இருந்தபோது பாடியிலிருந்து அப்படிப் பவுடரோடு வந்த ஒரு பெரியவரை அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா பண்றது? நாத்தத்தோட வந்தா பஸ்ல பக்கத்துல குந்த மாட்றாங்கோ. மானம் போவுது."

"மானத்தச் செருப்போட வெளிய கழட்டி வச்சிட்டு வாங்க. அடுத்த தடவ பழைய கட்டோடதான் வரணும்."

இந்தச் சந்தேகம்தான் அவரை லத்தீன் கவிதைக்கும் இழுத்துச் சென்றது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். பழங்காலத்து லத்தீன் கவிதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை அக்கா தற்செயலாகப் படித்தார். காலில் புண்ணோடு நெடுங்காலம் கிடந்த ஒரு படைவீரனைப் பற்றியது. "இத்தன நாள் புண்ணாம், ஒரு வரியில கூட நாத்தம் இல்ல. யாரோ பவுடர் போட்டிருக்காங்க. கவிஞனா, மொழிபெயர்த்தவனா?" என்றார். அதைக் கண்டுபிடிப்பதற்காக, தலை நரைத்த வயதில், லத்தீன் படிக்க ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் மதியம் பூந்தமல்லிக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ஃபாதர் என்றே அழைப்போம். அவருக்கு லத்தீன் தெரியும்.

சொந்தக்காரர்களுக்கு லத்தீனும் தெரியாது, புண்ணும் தெரியாது; ஞாயிற்றுக்கிழமை தெரியும், பாதிரியார் தெரியும். "எனக்கென்னமோ இது சரியாப் படல. மதம் மாறிட்டாளோ?" என்று சித்தப்பா என் காதைக் கடித்தார். நான் மட்டும் என்ன யோக்கியம்? அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அதைக் கவனிக்காத ஆளா அவர்! கவனித்தார்; விளக்கம் மட்டும் சொல்லவில்லை. கேட்பவன் நேராகக் கேட்கட்டும் என்ற வீம்பு அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் கோவில்பதாகையில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தேன். எனக்கும் சர்க்கரை உண்டு. புதுச் செருப்பு கடித்து வலது பாதத்தில் ஒரு புண். வலியே இல்லாததால் நான் பொருட்படுத்தவில்லை. கட்டுப் போடும் இடத்தில் "நல்லா காஞ்சுட்டு வருது" என்றார்கள். விசேஷத்தன்று என் மனைவி புதுக் கட்டுப் போட்டு, நாலு பேர் வருகிற இடமாயிற்றே என்று பவுடரும் தூவிவிட்டாள். அக்காவின் கிளினிக்கில் அந்தப் பெரியவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்த நானேதான் காலையும் நீட்டினேன்.

அக்கா வந்தார். புது வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"காலுக்கு எதுக்குடா பவுடர்?"

"ஒண்ணுமில்லக்கா. ஆறிடுச்சு."

"உக்காரு. கட்டப் பிரி."

கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாயசம் பரிமாறுகிற நேரத்தில் என் புண்ணை ஊருக்குக் காட்டச் சொல்கிறார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "இன்னிக்கு வேணாம். நீ ஞாயித்துக்கெழம எங்க போறன்னு நாங்க யாராவது கேட்டமா?" என்று கத்திவிட்டேன். சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அதுக்கு அப்புறம் பதில் சொல்றேன். காலை நீட்டு."

நீட்டினேன். மேலே கருத்த பொருக்கு, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அடியிலிருந்து சீழ் வந்தது. அந்த நாற்றம் எனக்கே குமட்டியது. பிறகு பாதத்தின் மேற்புறம் விரல்களை வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். அவர் முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்; பயந்துபோனேன். "வண்டிய எடுங்க" என்றார். பந்தியில் அவருக்குப் போட்டிருந்த இலை அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அக்கா அதையும் நம்பவில்லை. படம் எடுத்துப் பார்த்து, அடைத்துக்கொண்டிருந்த ரத்தக்குழாயைத் திறந்தார்கள். ஒரு விரல் போயிற்று. கால் தங்கியது. இன்று இந்தக் காலால்தான் நடக்கிறேன்.

நான் தேறி எழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனார். "வா, வந்து கண்ணால பாரு." ஃபாதர் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கணுக்காலில் ஆறாத புண். அக்கா கீழே உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தார், முகர்ந்தார், கழுவினார், விரலடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடிக்கும்வரை ஃபாதர் லத்தீன் வரிகளைப் படித்துப் பொருள் சொன்னார். இவ்வளவுதான் நடந்தது.

"ஃபாதர், அந்தப் படைவீரன் புண்ணோட நாத்தம்?" என்றேன் நான்.

"லத்தீன் மூலத்துல இருக்குப்பா. கவிஞர் ஒளிக்கல. மொழிபெயர்த்தவர்தான் மரியாதைக்காக விட்டுட்டார்."

"பாத்தியா?" என்று அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி இருந்தது. அதைத்தான் பின்னாளில் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்: லத்தீன் கவிஞர்கள் புண்ணை எப்படிப் பார்த்தார்கள், பின்னால் வந்தவர்கள் எதையெல்லாம் துடைத்துவிட்டார்கள் என்று. வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. "முழுசாப் படிச்சிருப்பாங்களா?" என்று அதையும் சந்தேகப்பட்டார்.

கணையத்தில் வந்த நோய் அவரைச் சீக்கிரமே படுக்கையில் தள்ளியது. பார்க்க வந்தவர்களெல்லாம் "முகம் தெளிவா இருக்கு, சீக்கிரம் எழுந்துடுவீங்க" என்றார்கள். அவர்கள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"இளைச்சுட்டக்கா. கண்ணு மஞ்சளா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"அப்பாடா, ஒருத்தனாவது சொன்னியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "காலைக் காட்டு" என்றார். கட்டிலில் என் பாதத்தைத் தூக்கி வைத்தேன். நாடி பிடித்துப் பார்க்க விரலில் பலமில்லை. அப்படியே கையை வைத்திருந்தார். சில நாட்களில் போய்விட்டார்.

கடைசிவரை உடனிருந்த மருத்துவ நண்பர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆவடி குவார்ட்டர்ஸ் தோழியருக்கும், பழைய கட்டோடு கிளினிக்குக்கு வந்து பழகி, அக்கா போன அன்று எங்கள் தெருவை நிறைத்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உள்ளே வரலாமா என்று தயங்கி வாசலிலேயே நின்ற ஃபாதரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, அக்காவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் சித்தப்பா. அவருக்கும் நன்றி.

அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபின், முறைப்படி முகத்துக்குப் போட என் மனைவி பவுடர் டப்பாவை எடுத்தாள். திறந்தவள் என் காலைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அக்காவின் நெற்றியில் பொட்டு மட்டும் வைத்தாள். அவளுக்கு இந்த மலரின் மூலம் என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன்.

– தம்பி