அறுந்த கம்பியும் எட்டாம் பக்கத்து ரீடிங்கும்

பிசிக்ஸ் படிக்கிறவங்களுக்கு ரெண்டே பயம்தான்: விடை வராதோங்கிறது ஒண்ணு, வந்த விடை எங்கேருந்து வந்ததுன்னு கேட்டுடுவாங்களோங்கிறது இன்னொண்ணு. லேப் வாசல்ல ரெக்கார்டு நோட்டைப் பிடிச்சிக்கினு நின்ன என் சொந்தங்களே, அந்த ரெண்டாவது பயத்துல நான் ஒரு வருஷம் சோறு தண்ணி இறங்காம திரிஞ்சேன்.

பரம்பரைச் சொத்து

திருத்தணியில ரயில் ஏறி, அரக்கோணம் தாண்டி இன்ஜினியரிங் படிக்கப் போவேன். முதல் வருஷ லேப்ல நுழைஞ்ச அன்னைக்கே ஒரு விஷயம் விளங்கிடுச்சு. எங்க காலேஜ்ல யாரும் ரீடிங் எடுக்கிறதில்லை, வாங்கிக்கிறாங்க. சீனியர்கிட்ட ஒரு ரெக்கார்டு நோட்டு இருக்கும். அது அவங்களுக்கு அவங்க சீனியர் கொடுத்தது. அதுல எட்டாம் பக்கம் டார்ஷனல் பெண்டுலம். பேருதான் பயங்கரம். ஒரு கம்பியில தட்டைத் தொங்கவிட்டு முறுக்கி விட்டா, அது இப்படியும் அப்படியும் திரும்பிக்கினே இருக்கும். இருபது தடவை ஆடுறதுக்கு எத்தனை விநாடி, கம்பி எவ்வளவு தடிமன்னு பார்த்து சூத்திரத்துல போட்டா, கம்பி எவ்வளவு விறைப்புன்னு வரும். நோட்டுல நூத்தி அறுபது விநாடி, தடிமன் 0.45 மில்லிமீட்டர். விடை புத்தகத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா வரும்.

எனக்கு மனசு கேக்கல. திருவாலங்காட்டுல ரயில் ஏறுற என் தோழி சுலோச்சனாகிட்ட, நாமளே ஒரு தரம் அளந்து பாக்கலாமான்னு கேட்டேன். கரும்பு விவசாயி வீட்டுப் பொண்ணு, எதுக்கும் அலட்டிக்க மாட்டா. "எத்தினி பேரை பாஸ் பண்ண வெச்ச ரீடிங் தெரியுமா இது? உன் கையால அளந்து யாருடி பாஸானாங்க?"

பாலம் கட்டுற கம்பி

பரீட்சையில சீட்டு எடுத்தா, எட்டாம் பக்கமே வந்துச்சு. அப்பாடான்னு உக்காந்து, தடிமன் 0.45ன்னு மனப்பாடமா எழுதிட்டேன். அடுத்து நூத்தி அறுபதுன்னு எழுதப் போறப்ப, வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் சார் என் பின்னாடி வந்து நின்னுட்டாரு. நின்னவரு நகரல. வேற வழியில்லாம தட்டை நெஜமாவே முறுக்கி விட்டு எண்ணினேன். தொண்ணூறு விநாடிதான் வந்துது. மறுபடி எண்ணினேன், அதே தொண்ணூறு. அவர் பாத்துக்கினு இருக்காரே, நூத்தி அறுபதுன்னு எப்படி எழுதுறது? தொண்ணூறே எழுதினேன்.

கணக்குப் போட்டா விடை மூணு மடங்கு வருது. மூணு தரம் அடிச்சு எழுதினேன், கால்குலேட்டர்ல வேர்வை விழுந்துது. சார் பேப்பரை வாங்கி, கம்பியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "எஃகே இவ்வளவு விறைப்பு கிடையாதும்மா. இதை வெச்சி ஆத்துக்குக் குறுக்கப் பாலம் கட்டலாம்."

வீட்டுல நடந்த விசாரணை

பெயில். தியரியில அரியர் வெச்சவங்க ஊர் முழுக்க இருக்காங்க. லேப்ல வெச்சவ நான் ஒருத்திதான். நைனா திருப்பதி பஸ்ல கண்டக்டர். அவருக்கு டார்ஷனல் பெண்டுலம்னா என்னன்னு படம் போட்டு விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "ஒரு தட்டைத் திருப்பி விட்டுட்டு எண்ணணும், அவ்ளோதான? அதுல என்னாம்மா பெயிலு?"

அதைவிட மோசம் ஒண்ணு காத்துக்கினு இருந்துது. டிசம்பர்ல மறுபரீட்சை. அதுலயும் போச்சுன்னா, ஜனவரியிலேருந்து முதல் வருஷப் பசங்களோட லேபுக்கு உக்காரணும்னு காலேஜ்ல விதி. என் தங்கச்சி ஜெமிமா அந்த வருஷம் அதே காலேஜ்ல, அதே பிரிவுல சேர்ந்தா. லேப்ல பேர் வரிசைப்படிதான் ஜோடி சேப்பாங்க. என் பேரு ஜெனிபர். அப்ப ஒரே மேசை, ஒரே தட்டு, நானும் என் தங்கச்சியும். அவ என் தோளைத் தட்டினா. "பயப்படாதக்கா, நான் எண்ணறேன், நீ எழுதிக்கோ."

ஜெபக் குறிப்பு

எங்கம்மா இதை மூடி வெச்சிருக்கலாம். ஒரு ஞாயித்துக்கிழமை சீட்டுல எழுதி சர்ச்ல ஜெபக் குறிப்புப் பெட்டியில போட்டுட்டாங்க. போதகர் நல்ல மனுஷன், எழுதினதை அப்படியே வாசிப்பாரு. சுகர் நோயாளிக்கும் வீடு கட்டுறவங்களுக்கும் நடுவுல, டார்ஷனல் பெண்டுலத்திலே தடுமாறுகிற எங்கள் மகளை நினைத்தருளும் ஆண்டவரேன்னு கணீர்னு ஜெபிச்சாரு. சபையே ஆமென் சொல்லிச்சு. நான் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கினேன். அன்னையிலேருந்து மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன், எங்க போனாலும் விசாரிப்புதான். பாடகர் குழுவுல இருக்கிற மேரி ஆன்ட்டி தக்காளி பொறுக்கிக்கினே அனுதாபமா கேட்டாங்க. "ஏம்மா, அது இன்னும் ஆடிக்கினுதான் இருக்குதா?"

அட்டெண்டர் சொன்ன சேதி

அக்டோபர்ல ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல லேபுக்குப் போனேன். அட்டெண்டர் முனிரத்தினம் அண்ணன் மட்டும் டிபன் பாக்ஸோட உக்காந்திருந்தாரு. தட்டை ஒரே ஒரு தரம் முறுக்கிப் பாக்கட்டுமான்னு கேட்டு, என் கதையைச் சொன்னேன். தொண்ணூறு விநாடின்னதும் சாப்பிடறதை நிறுத்திட்டாரு. "சரியாத்தான் எண்ணியிருக்க பாப்பா. பழைய கம்பி அறுந்து மூணு வருஷம் ஆவுது, இது கனமான கம்பி. யாரும் தொடறதில்ல, அதனால யாரும் கேக்கல."

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. தடிமன் பழைய கம்பியோடது, விநாடி புதுக் கம்பியோடது. ரெண்டையும் பொய்யா எழுதினவங்க பாஸ். ரெண்டையும் அளந்திருந்தா நானும் பாஸ். பாதிப் பொய்யும் பாதி உண்மையும் எழுதின ஒரே அசடு நான்தான்.

பூட்டு ஊசல்

அப்புறம் வீட்டுலயே பழக ஆரம்பிச்சேன். துணி காயப்போடற கயித்துல ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டி எண்ணுவேன். இருபதுன்னு எண்ணினா பத்தொன்பதுதான் ஆடியிருக்கும். விடறப்பவே ஒண்ணுன்னு ஆரம்பிச்சிடறேன்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு. சுலோச்சனா தன் பங்குக்கு, நான் பாஸானா மலைக் கோயிலுக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் நடந்தே ஏறி வரேன்னு வேண்டிக்கினா. அவளுக்கு முட்டி வலி வேற. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அழுவாத. ஏறப்போறது நான். நீ ஒழுங்கா பூஜ்யத்துலேருந்து எண்ணு."

டிசம்பர்

போன தரம் பரீட்சைக்கே வராதவங்க மூணு பேர், நான் ஒருத்தி, ஆக நாலு பேர் வந்திருந்தோம். அதுல ஒருத்தன் ரயில்லயே எங்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். நான் சொல்லியிருந்த புதுக் கம்பிக்கு ஏத்த மாதிரி விடையிலேருந்து பின்னாடி கணக்குப் போட்டுத் தயார் பண்ண ரீடிங். வெக்கமா இருக்கு, சொல்லிடறேன்: அத்தனை பழகியும் அதை நான் மனப்பாடம் பண்ணினேன். என் கையை நான் நம்பல. ஜெமிமாவோட மேசைதான் கண்ணு முன்னாடி வந்துக்கினே இருந்துது.

சீட்டு எடுத்தேன். அதே தட்டு. பேனாவைத் திறந்தேன், மனப்பாடம் பண்ணதுல ஒரு எண் கூட ஞாபகம் வரல. பயத்துல சுத்தமாத் துடைச்சு விட்ட மாதிரி போயிடுச்சு. கால் மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். வேற கதியில்லாமதான் தடிமன் அளக்கிற ஸ்க்ரூ கேஜை எடுத்தேன். வெறும் கேஜை மூடிப் பாத்தா பூஜ்யம் பூஜ்யத்துல இல்ல, அந்தப் பிழையைக் குறிச்சுக்கினேன். கம்பியை அஞ்சு இடத்துல அளந்தேன். தட்டை முறுக்கி விட்டு, பூஜ்யத்துலேருந்து எண்ணினேன்.

விடை எட்டு வரணும், ஏழு புள்ளி ஒண்ணு வந்துது. மத்த மூணு பேருக்கும் அவங்கவங்க விடை கச்சிதம். இந்தத் தடவை வந்தது ஒரு மேடம். ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டாங்க. அளந்தது இதுதான் மேடம், பூஜ்யப் பிழையைத் திருத்திட்டேன், அதுக்கு மேல எனக்குத் தெரியலன்னேன். அவங்களே தட்டை முறுக்கி விட்டாங்க, வாட்சைப் பாத்துக்கினே இருபது எண்ணினாங்க. என் பேப்பர்ல இருந்த விநாடியைப் பாத்தாங்க. மத்த மூணு மேசையையும் ஒரு பார்வை பாத்துட்டு, குனிஞ்சு மெதுவா சொன்னாங்க. "இன்னைக்கு இந்த ரூம்ல கருவியத் தொட்டது நீ ஒருத்திதாம்மா."

ஜனவரி

பாஸ். சுலோச்சனா முட்டியைப் பிடிச்சிக்கினு படியேறினா, நான் அவ செருப்பைக் காத்துக்கினு கீழே நின்னேன். சர்ச்ல நன்றி ஜெபம் வேற.

அந்த வாரமே ஜெமிமா என் நோட்டைக் கேட்டா. நான் விடுவேனா? கம்பி அறுந்த கதை, பாதிப் பொய், பூஜ்யப் பிழை எல்லாத்தையும் அரை மணி நேரம் சொல்லி, நீயே அளந்து எழுதுன்னு முடிச்சேன். ஆங் ஆங்னு கேட்டுக்கினா. அப்புறம் பழைய ரீடிங்கை அடிச்சு நான் புதுசா எழுதியிருந்த எட்டாம் பக்கத்தைத் திறந்து செல்போன்ல பளிச்னு ஒரு படம் பிடிச்சா. "இது நெஜமா அளந்ததுதானக்கா? அப்ப இதையே எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

ஆக, ஒரு வருஷம் நடுங்கி நடுங்கி நான் கத்துக்கின பிசிக்ஸை இப்ப ஒரு வகுப்பே நடுக்கமில்லாம காப்பி அடிச்சுக்கினு இருக்குது, அந்தக் கம்பி மறுபடி அறுந்துடக் கூடாதேங்கிற பயம் மட்டும் பழையபடி எனக்குத்தான்.