அம்மனுக்கு வெட்டாத பள்ளம்

என் கணவருக்கு இரண்டு உத்தியோகம். சம்பளம் கொடுத்தது நெய்வேலிச் சுரங்கம். சம்பளமே இல்லாமல் உயிரை வாங்கியது எங்கள் பிளாக் கோயில் கமிட்டிச் செயலாளர் பதவி. இரண்டாவதில்தான் மனுஷன் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தபோது, அனல்மின் நிலையம் இருப்பதால் நெய்வேலிமேல் குண்டு விழலாம் என்றார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டினோம். சைரன் ஊதினால் இறங்கி உட்கார வீட்டுக்கு வீடு பள்ளம் வெட்டச் சொன்னார்கள். எனக்கு எட்டாம் மாதம். குவார்ட்டர்ஸ் பின்னால் முருங்கை மரத்தடியில் இவரே கடப்பாறை பிடித்து, இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் அளவுக்கு வெட்டினார். கை கொப்பளித்ததை நாலு நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் கமிட்டிக்கு அம்மன் கவலை வந்தது. சுரங்கத்துக்காகக் காலியான ஒரு கிராமத்தின் ஐம்பொன் அம்மன் அது. ஒரு முழ உயரம்தான், ஆனால் பல நூறு வருஷத்துச் சிலை. ஊர்க்காரர்கள் எங்கள் கோயிலில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் படையெடுப்பு வந்தால் சிலையை மண்ணில் புதைத்துவிடுவார்கள், இடம் மூன்று பேருக்கு மேல் தெரியக்கூடாது என்று கமிட்டியில் யாரோ சொல்ல, இவர் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"புதுசா வெட்டினா நாலு பேர் கண்ணுல படும். நம்ம பள்ளம் தயாரா இருக்கு. நீ என்ன சொல்ற?"

"அப்போ நான்?"

"பிளேன் இவ்வளவு தூரம் எங்க வரப்போகுது?"

"வராதுன்னா அம்மன் கோயில்லயே இருக்கட்டுமே!"

இவருக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கும் அந்த அம்மன்மேல் ஆசைதான். உடைந்துபோனால் அப்படி ஒரு முகத்தை யார் திரும்பச் செய்து தருவார்கள்? சரி, வையுங்க என்று சொல்லிவிட்டேன். பட்டுத்துணியில் சுற்றிப் புதைத்து, மேலே கீரை விதையும் தூவினார். செயலாளர் மூளை!

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சைரன் ஊதியது. ஒத்திகையா நிஜமா, யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பள்ளத்தில் ஏற்கெனவே ஆறு பேர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீரைப் பாத்தியோரம் நின்றேன். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கியவர் ஓடிவந்து, பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்துவிட்டார். பட்டுத்துணி தெரிந்தபோது, ஆபத்து நீங்கிய சைரனும் ஊதிவிட்டது.

எங்கள் தெரு பெருக்கும் பெண் அந்தக் கிராமத்துக்காரி. மூன்று நாளாகப் பூட்டிய கோயில் வாசலில் நின்று நின்று போனவள். சைரன் கேட்டு எங்கள் கொல்லைக்கு ஓடிவந்தவள், பட்டுத்துணியைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டாள்.

"எங்க அம்மன புள்ளத்தாச்சி பள்ளத்துலயா பொதச்சீங்க? நல்லா இருக்குதுங்க ஒங்க ஞாயம்!"

"பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா..." என்று இழுத்தார் இவர்.

"ஊர வுட்டு வரச்சொல்ல வண்டியில எடமே இல்ல சார். புள்ளத்தாச்சிய ஒக்கார வெச்சி, அம்மன அவ மடியில குடுத்துட்டு, நாங்க நடந்துகினு வந்தோம். ரெண்டும் பத்திரமா வந்து சேந்துச்சி."

செயலாளர் மறுபடி மண்டியிட்டார். அன்றே பள்ளம் காலியானது. அம்மன் எங்கள் பூஜை அலமாரிக்கு வந்தாள்.

அடுத்த சைரனுக்குப் பள்ளத்தில் மணை போட்டு உட்கார்ந்தேன், மடியில் அம்மன். அவள் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியும் என் வயிறுமே பள்ளத்தை அடைத்துவிட்டன. இவர் லுங்கியும் மறுபடி கொப்பளித்த கையுமாக மேலே விளிம்பில் நின்றார்.

"இறங்குங்களேன்!"

"இடமில்ல. நீ அம்மனைச் சாய்க்காம பிடி."

"செயலாளரைக் குண்டு தொடாதுன்னு கமிட்டியில தீர்மானம் போட்டாச்சா?"

சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார். தான் வெட்டிய பள்ளத்தில் இவருக்கு இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டி இவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். சைரன் அடங்கும்வரை விடவில்லை.