விஜயதசமி அன்று ருக்மிணி சொன்ன பதில்

தில்லி கரோல் பாக்கில் எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்த ருக்மிணி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ. நாற்பதைத் தொட்டவள், கல்யாணம் ஆகாதவள், அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மூட வைத்து அனுப்புகிறவள். ஊர் தஞ்சாவூர் பக்கம். பால்காரனோடு இந்தியில் சண்டையை ஆரம்பித்து, கோபம் தலைக்கேறியதும் தமிழில் முடிப்பாள். அவனுக்கு அந்தத் தமிழ் முழுக்கப் புரியும்.

இப்பேர்ப்பட்டவள் 2004-ல் காதலில் விழுந்தாள். கல்யாண வெப்சைட்டில் கிடைத்த ராமசுப்ரமணியன், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தார். அங்கே செல்போன் எடுக்காது. இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கு அரை மணி முறை. இவளும் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, செல்போன் வழியாக இன்டர்நெட்டைப் பிடித்து தினமும் சாட் செய்வாள். வயர் கிடையாது. போனையும் லேப்டாப்பையும் எதிரெதிராக வைத்தால் போதும், தாமாகப் பேசிக்கொள்ளும்.

கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவர் கேட்டார். உடனே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இவளுக்கு வீம்பு. விஜயதசமி அன்று அவருடைய ஆறு மணி முறையில் பதில் சொல்வதாகவும், தான் வராவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிவிட்டாள். அப்படியானால் மறுநாள் விடுமுறையில் ஊருக்குப் போய், அக்கா பார்த்து வைத்திருக்கும் பெண்ணுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அவரும் எழுதினார். ருக்மிணி எப்போதோ சம்மதம் என்று முடிவு செய்துவிட்டாள். நல்ல நாளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

விஜயதசமி வந்தது, ஆறு மணியும் வந்தது. லேப்டாப் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கவிதாக்கா, ஜல்தி வாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் நானும் என் கணவர் செந்தில்குமாரும் ஓடினோம். என் கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. அணைத்தார், போட்டார், பேட்டரியைக் கழற்றி ஊதினார். நான் போனைப் பெருங்காய டப்பா மேல் ஏற்றி வைத்தேன். ருக்மிணி அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கீழே ராவணனைக் கொளுத்துவதைப் பார்க்க ஊரே போய்க்கொண்டிருந்தது. தசராவுக்காக பிரௌசிங் சென்டர்களும் மூடிக் கிடந்தன. எங்கள் வீட்டுப் போனுக்கோ பேச மட்டும்தான் தெரியும்.

அரை மணி போயே போய்விட்டது. "அவ்வளவுதான்கா. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்று தரையில் உட்கார்ந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. விற்றவரையே கேட்டுப் பார்ப்போம் என்று அவருக்கு விடாமல் போன் போட்டோம்.

லேப்டாப்பை விற்ற இஸ்மாயில் காயல்பட்டினத்துக்காரர். ராவணன் எரிந்து முடிந்த பிறகுதான் போனையே எடுத்தார்.

"அக்கா, ரெண்டுலயும் ஓரத்துல கறுப்பா சின்னக் கண்ணாடி இருக்கும். அது வழியாத்தான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போவும். ஏதாச்சும் மறைக்குதா பாருங்க."

"ஒரு தூசி கிடையாது பாய்! நேத்து ஆயுத பூஜைக்குத் தொடச்சு, பூ வச்சு, சந்தனம் குங்குமம்..."

அதோடு நின்றாள். மூன்று பேரும் குனிந்தோம். லேப்டாப் ஓரத்துக் கறுப்புக் கண்ணாடியின் நட்டநடுவில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். பொட்டு எடுப்பாகத் தெரியட்டும் என்று கறுப்பான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பதால் முதல் நாள் அதைத் திறக்கவும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

புடவைத் தலைப்பால் தேய்த்தாள். அப்போதும் லேப்டாப் அசையவில்லை. போனைத் திருப்பினால் அதன் உச்சியிலும் ஒன்று! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிச்சீங்க, கொன்னுடுவேன்" என்றவள், தானும் சிரித்துக்கொண்டே துடைத்தாள். லேப்டாப் 'டிங்' என்றது.

மணி எட்டைத் தாண்டியிருந்தது. அவர் போயிருப்பார், மன்னிப்பாவது எழுதி வைக்கலாம் என்று சாட்டைத் திறந்தாள். ராமசுப்ரமணியன் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'இருக்கீங்களா?' என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்.

'இருக்கேன். பதில்?'

அலுவலகத்தில் எல்லாரையும்விட வேகமாக டைப் அடிக்கிறவள், 'சம்மதம்' என்ற ஒரு வார்த்தைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது:

'வாழ்த்துகள் தங்கச்சி! இது அவர் இல்லை, அவருக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறவன். அவர் அழுதுகிட்டிருக்கார். ஆறரையில இருந்து நாங்க எல்லாரும் எங்க முறையை அவருக்கே விட்டுக் குடுத்துட்டு நிக்கிறோம். இப்பவாவது எங்க பெண்டாட்டிகளோட பேச விடுங்கம்மா.'