வடிகட்டியும் ஏழு வெத்துக் குப்பிகளும்

வடிகட்டி செத்தது முடிதிருத்தும் கடையில். பாதித் தலை வெட்டியிருந்தது. "காதோரமா இன்னும் கொஞ்சம் எடுப்பா" என்றவர் அதற்குமேல் பேசவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைக்காரர் அவர்களை நிற்கச் சொல்லி, மீதிப் பாதியையும் வெட்டி முடித்துத்தான் அனுப்பினார்.

அப்போது அவர் கப்பலிலிருந்து இறங்கிப் பன்னிரண்டு நாள்.

ஆராய்ச்சிக் கப்பலுக்கு அவர் முதன்முதலில் போனது பம்ப் ரிப்பேருக்கு. மோட்டார் மக்கர் செய்தது. சரிசெய்து, இழுக்கிறதா என்று பார்க்க ஒரு வாளிக் கடல்நீரை வடித்துக் காட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த வடிப்பு இருபத்தாறு வருடம் நிற்கவில்லை. கப்பலில் வைத்த வடிகட்டி என்ற பட்டப்பெயர் வீட்டுக்கும் வந்தது.

"எல்லார் புருஷனும் தண்ணி அடிக்கிறான், என் புருஷன் தண்ணி வடிக்கிறான். ரெண்டுமே வீட்டுக்கு உதவாது" என்பாள் அவர் மனைவி.

ஒவ்வொரு பயணத்திலும் முதல் இரண்டு நாள் வாந்தி. வெட்கப்பட மாட்டார். "கடலுக்குக் கொடுக்க வேண்டியதக் கொடுத்துட்டுத்தான் அதுகிட்ட எடுக்கணும்" என்பார். மூன்றாம் நாள் எழுந்து வேலையைத் தொடங்குவார். கரையே தெரியாத நடுக்கடலில், நாளைக்கு நான்கு முறை குழாயைத் திறந்து குப்பியில் நீர் பிடிப்பார். முதலில் அதே கடல்நீரால் குப்பியை மூன்று முறை அலசுவார். முந்தைய நீரின் மிச்சம் போக வேண்டுமல்லவா? பிறகு காசளவு வடிதாள் வழியே பம்ப் போட்டு உறிஞ்சுவார். நீர் போகும், பாசி தாளில் தங்கும். தாளை மடித்து உறைய வைத்தால் வேலை முடிந்தது.

தாளிலிருந்து பாசியின் மரபணுவைப் படிப்பது கரையில். அந்த வேலையில் அவர் மகள் இருந்தாள். நடுக்கடலில் ஊசி போல ஒரு பாசி உண்டு. அதில் ஒரு வகை சாது, ஒரு வகை விஷம். அந்த விஷம் மீனுக்கு ஏறி, மீனைத் தின்பவனுக்கும் ஏறும். நுண்ணோக்கியில் இரண்டுக்கும் ஒரே முகம்.

"மூஞ்சியப் பார்த்தா போக்கிரின்னு தெரியாது. வம்சத்தக் கிளறினாத்தான் தெரியும். என் பொண்ணு அதுக்குத்தான் சம்பளம் வாங்குறா" என்று முடிவெட்டுபவர் வரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அவர் செத்த ஆறாவது வாரம், எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் திட்டத் தலைவி மகளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"உங்கப்பா எடுத்த பிளாங்க் ஏழுலயும் பாசி இருக்கும்மா."

பிளாங்க் என்பது சுத்த நீர், வடிகட்டியின் பாஷையில் வெத்துக் குப்பி. கடல்நீரைப் போலவே அதையும் கப்பலில் குப்பியில் ஊற்றி வடிக்க வேண்டும். அந்தத் தாளில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ அழுக்குச் சேர்ந்திருக்கிறது, பயணத்தின் எண்பத்து நான்கு தாள்களையும் நம்ப முடியாது. அவற்றில் நாற்பத்தொன்றாம் தாளில் விஷப் பாசியின் மரபணு இருந்தது. அந்தப் பாதையில் அதுவரை யாரும் அதைக் கண்டதில்லை. கப்பல் மறுபடி அங்கே போக நான்கு வருடமாகும்.

"எல்லாத்தையும் ஒதுக்கிடலாம். லேப் கெமிக்கல்ல அழுக்குன்னு எழுதிடுறேன். அவர் பேரும் கெடாது" என்றார் மேடம்.

நல்ல மனது. மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அப்பாவின் கடைசிப் பயணம் குப்பைக்குப் போகும், பெயர் மட்டும் பளபளக்கும்.

அவள் ஏழு பிளாங்க்குகளையும் எடுத்து, அந்தந்த நாள் கடலோடு ஒப்பிட்டாள். ஒவ்வொரு நாள் கடலுக்கும் பாசிக் கலவை வேறு. ஆய்வக அழுக்கானால் எல்லா நாளும் கலந்து கிடக்க வேண்டும். கலக்கவில்லை. ஒவ்வொரு பிளாங்க்கிலும் அந்த நாள் கடல் மட்டும் இருந்தது, அதுவும் குப்பிச் சுவரில் ஒட்டும் ஈரம் அளவுக்கு.

வீட்டுக்குப் போய் அப்பாவின் பதிவு நோட்டைத் திறந்தாள். அம்மா எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெத்துக் குப்பி 1. கடல்நீரில் மும்முறை நன்றாக அலசி, சுத்த நீர் நிரப்பி வடித்தேன். சுத்த நீரை எதற்கு வடிக்கச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை."

ஏழு முறை அதே வரி. ஏழாவதில் திட்டு மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். முந்தைய பயணங்களில் பிளாங்க்கை ஆய்வகத்திலேயே வடித்து முடிப்பார்கள். கப்பலில் வடிப்பது இந்த முறைதான் புதிது. நோட்டின் பின்அட்டையில் செயல்முறைத் தாளைப் பின் அடித்து வைத்திருந்தார். மூன்றாம் படி: 'குப்பியை மூன்று முறை அலசவும்.' எந்த நீரால் என்று இல்லை. தாளை எழுதியது அவள். பிளாங்க் என்றால் சுத்த நீரால் என்பது அவளுக்கு அவ்வளவு வெளிப்படை. கடலால் என்பது அவருக்கு அவ்வளவு பழக்கம்.

சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"என்னடி?" என்றாள் அம்மா.

"அப்பா சொதப்பிட்டாரும்மா."

"அப்பாடா!" அம்மா போர்வையைக் கீழே வைத்தாள். "தப்பே பண்ணாத மனுஷனோட இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவளக் கேளு. உப்பு கூடிப்போச்சுன்னா அதையும் அளந்து காட்டுவாரு. போறப்பவாவது ஒண்ணு பண்ணாரே."

"நானும் சொதப்பிட்டேன். பாதித் தப்பு என்னோடது."

"அப்ப அவரு பொண்ணுதான். அதுக்கு டெஸ்ட் வேற வேணாம்" என்றவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மடித்த போர்வையையே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மகள் ஒப்பீட்டையும் நோட்டையும் மேடத்தின் மேசையில் வைத்தாள்.

"இத எழுதினா அவர் பேரு அடிபடும்மா."

"அடிபடட்டும் மேடம். என் பேரும் சேர்ந்து அடிபடும். ஆனா அலசின கடல் பிளாங்க்க மட்டும்தான் கெடுத்திருக்கு, மத்த வடிதாள் எல்லாம் சுத்தம்."

மேடம் ஏழு வரியையும் படித்தார். திட்டு இருந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி படித்தார். "நாப்பத்தொண்ணு நிக்குமா?"

"நிக்கும்."

அறிக்கையில் இரண்டு வரிதான் சேர்ந்தது. பிளாங்க் குப்பிகள் கடல்நீரால் அலசப்பட்டன. செயல்முறைத் தாளில் அலச வேண்டிய நீர் குறிப்பிடப்படவில்லை. கீழே வடித்தவர் பெயர், தாள் எழுதியவள் பெயர். 'வடித்தவர் காலமானதால் விளக்கம் பெற இயலவில்லை' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் மேடம். மகள் சேர்க்கவில்லை. கேட்க முடிந்திருந்தால் அப்பா இரண்டு மணி நேரம் நின்று அவள் எழுதிய செயல்முறைத் தாளைத்தான் திட்டியிருப்பார். அதில் நியாயமும் இருந்தது.