பூட்டிய வீட்டில் ஜோதி

பத்தொன்பது நாள் புருஷோத்தமன் தன் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். குடிக்கிற ஆள் இல்லை, அடிக்கிற ஆளும் இல்லை. வடக்குப்பட்டில் சொந்த வீடு. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை, இப்போது லைன் சூப்பர்வைசர்.

அங்கே அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. மயிரிழையில் தவறிப்போன ஒவ்வொரு விபத்தையும் தொழிலாளி ஒரு மஞ்சள் அட்டையில் எழுதித் தர வேண்டும். 'நியர் மிஸ்' அட்டை என்பார்கள். அதை விடாமல் வாங்குபவர் அவர்தான். ஷிப்ட் தொடங்குமுன் தினமும் சொல்வார்: "ஒண்ணும் ஆவலையேன்னு வுட்றாதீங்க. இன்னிக்கு மறைச்சா நாளைக்கு வெரல் போவும்."

தை மாதம் மனைவி ஜோதி சமைப்பதை நிறுத்தினார். பிறகு பேச்சும் குளியலும் நின்றன. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். மனநல மருத்துவரிடம் போனால் தெரு என்ன பேசும் என்று புருஷோத்தமன் பயந்தார். மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னார். பொய் நிற்பதற்காக வெளியே பூட்டுப் போட்டார். யாராவது கூப்பிட்டால் எடுத்துவிடப் போகிறாள் என்று ஜோதியின் போனையும் பையில் எடுத்துக்கொண்டார்.

கம்பெனி பஸ்ஸில் கூட வேலை செய்யும் யாக்கோபு கிண்டல் செய்தார். "இன்னா தலைவா, வூட்ல ஆள் இல்ல, செம ஜாலி போல." புருஷோத்தமனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நேற்று மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தபோது ஜோதி கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். கையில், புருஷோத்தமன் வீட்டில் வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் அட்டை. கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் அதை நிரப்பத் தெரியும்.

இடம்: வீடு. நேரம்: காலை 11. நடந்திருக்கக்கூடியது: என் உயிரை நானே எடுத்துக்கொண்டிருப்பேன். காரணம்: கதவு பூட்டியிருந்தது, கூட யாரும் இல்லை. எடுத்த நடவடிக்கை என்ற கட்டம் மட்டும் காலி. அது சூப்பர்வைசர் நிரப்ப வேண்டியது.

புருஷோத்தமன் மனைவியின் அருகே தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் காவேரி அக்கா இருந்தாரே, ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"எப்டி கூப்பிடுவேன்? நான்தான் ஊர்லயே இல்லியே" என்றார் ஜோதி.

புருஷோத்தமன் அவரைக் கைபிடித்து எழுப்பி, பகல் வெளிச்சத்தில் தெருவழியாகக் காவேரி வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். குழாயடியில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ எங்கயும் போவலக்கா. மனசு சரியில்ல. நான்தான் பூட்டி வெச்சிருந்தேன்."

காவேரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "தெரியும் தம்பி. பகல்ல உள்ள தண்ணி சத்தம் கேக்கும். நீயே சொல்லுவேன்னு நானும் வாயத் தொறக்காம இருந்துட்டேன். எனக்கும் வெக்கமாத்தான் கீது." பிறகு ஜோதியின் தோளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்.

இரவு முழுக்க ஜோதியோடு காவேரிதான் இருந்தார். விடுப்பு விண்ணப்பத்தில் புருஷோத்தமன் காய்ச்சல் என்று எழுதி, அடித்துவிட்டு, மனைவிக்கு மனநல சிகிச்சை என்று எழுதினார். இன்று காலை எட்டரை மணிக்கு மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூருக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள்.