பூவம்மா எடுக்காத ஆரத்தி

தெருவை அகலமாக்கியதில் பூவம்மாவுக்குப் போனது பிழைப்பு. புருஷன் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறியவன்தான், அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. அன்றுமுதல் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் அடுப்பு வைத்து, இடியாப்பம் விற்றே மகளைக் கட்டிக்கொடுத்தாள். இப்போது ஒரு வரிசைக் கடைகளை இடித்து ரோட்டோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சடியும் போயிற்று.

தெரு முனையில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் விட்டிருந்தார்கள். அது யாருக்கு என்பது புதுத் தெருவின் திறப்பு விழாவுக்கு வரும் அதிகாரி கையில் இருப்பதாகச் சொன்னார் விழாச் செயலாளர் தனசேகரன்.

"ஆரத்தியை நீங்க எடுங்கக்கா. பொட்டு வைக்கிறப்போ அப்படியே விஷயத்தைக் காதுல போட்டுடுங்க. உங்களுக்குத்தான் மலாய் நல்லா வருமே லா."

கேட்க வேண்டியதைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் மலாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள் பூவம்மா.

விழாவன்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டில் நீர் செக்கச் செவேலென்று தளும்ப, முன்னால் நின்றாள். அதிகாரியின் கார் திரும்புகிற நேரம். தையல்காரர் வடிவேலுவின் பெண்டாட்டி லீலா, தனசேகரனிடம் போனாள். முனைக் கடைமேல் அவளுக்கும் ஒரு கண். குரலைத் தாழ்த்துவதுபோல் தாழ்த்தி எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஏண்ணே, ஆரத்தி சுமங்கலிதானே எடுக்கணும்? இவங்க வீட்டுக்காரர் இருக்காரா, போய்ட்டாரான்னு யாருக்குத் தெரியும்? நல்ல காரியம், பாத்துக்குங்க."

பூவம்மாவின் கழுத்தில் தாலி கிடந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. தனசேகரன் இரண்டையும் பார்த்தார். பிறகு தட்டை வாங்கி லீலாவிடம் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா."

"நான் எதுக்கு நினைக்கிறேன்? அந்த ஆளு இருக்கானா செத்தானான்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லிடுங்க. பூ வாங்குற செலவாவது மிச்சமாகும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். லீலா ஆரத்தி சுற்றினாள், பொட்டு வைத்தாள், காதோரம் ஏதோ சொன்னாள். அதிகாரி தலையாட்டிவிட்டு ரிப்பனை வெட்டினார். கைதட்டல் அடங்குவதற்குள் பூவம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், தான் பழகிய மலாயைத் தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்தாள். அந்த மனிதர் முழுக்கக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"முனைக் கடையா? இப்பத்தான் தட்டோட நின்ன அந்தம்மாவுக்குக் குடுத்துடச் சொன்னேன்" என்றார் மலாயில். "கவலைப்படாதீங்க. அடுத்த தெருவையும் அகலமாக்கப்போறோம். அப்பப் பாக்கலாம்."

முனைக் கடையில் நல்ல கூட்டம். ஆனால் லீலாவுக்கு இடியாப்ப மாவு பதத்துக்கு வராது. அதனால் ஜாலான் புசாரில் ஹனீபாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து தினமும் கூடையில் வாங்கி விற்றாள். அங்கே பின்கட்டில் கூலிக்குப் பிழிந்துகொண்டிருந்தவள் பூவம்மா. கூடை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் கை உப்பு ஜாடிவரை போயிற்று.

"என்னக்கா யோசனை?" என்றார் ஹனீபா.

"ஒண்ணுமில்ல பாய். சாப்பிடுறவன் என்ன பாவம் பண்ணான்?"

உப்பை அளவாகவே போட்டாள். லீலாவின் கூடைக்குத் தேங்காய்ப்பூவை மட்டும் ஒரு பிடி குறைத்தாள்.