லைல் தேய்த்த ரிவால்வர்

என் தம்பி லைல் எதையும் அழுக்காக விட்டதில்லை; அவன் கொட்டகையில் கயிறுகள்கூட நீளவாரியாகத்தான் தொங்கும். மழை பொய்த்த அந்த ஆண்டு, எங்கள் நாற்பது பசுக்களுக்கும் குளிர்காலத் தீவனம் வாங்க வழியில்லை. அப்பா விட்டுப்போன 1884ஆம் ஆண்டு ரிவால்வரை விற்பதென்று முடிவு செய்தான்.

பில்லிங்ஸ் நகரத் துப்பாக்கிச் சந்தைக்கு நானும் போனேன். விலை மதிப்பிடும் ஹார்லன் உருப்பெருக்கியை வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தாங்க. மூணு வாரம். ஒரு பொட்டுக் கறை இருக்காது."

"அந்தக் கறையோட கொண்டாந்திருந்தா பதினெட்டாயிரம் டாலர் சொல்லியிருப்பேன். பழைய நிறமும் போச்சு, கம்பெனி முத்திரையும் மழுங்கிப் போச்சு. இப்ப ஆயிரத்தி இருநூறு. அதுவும் உங்க முகத்துக்காக."

"முகத்தையும் காலையிலதான் வழிச்சேன். அதுக்கும் விலை குறையுமா?"

ஹார்லன் சிரிக்கவில்லை. லைல் பணத்தை வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது, "யாரையாவது கேட்டிருக்கணும்க்கா," என்றான்.

"நல்லாத்தான்டா தேய்ச்சிருந்தே," என்றேன். பொய்யில்லை, அப்படித் தேய்க்க அந்த வட்டாரத்தில் வேறு ஆளில்லை.

அந்தப் பணத்தில் வாங்கிய தீவனம் மூன்று வாரம்கூட வரவில்லை. நாற்பது பசுக்களையும் லாரியில் ஏற்றி ஏலத்துக்குக் கொண்டுபோனோம். ஊரே மாடுகளோடு வந்திருந்ததால், மாலைவரை லாரி வரிசையில் நின்றோம்.